வெள்ளம் என்ற எழுவாய்: நமது மழைக்கால எழுத்துகள் பற்றிச் சில குறிப்புகள்

கிழக்கில் மாரி மழை ஒக்டோபர் கடைசியில் தொடங்கி ஜனவரி தாண்டியும் நீளும். இந்த மாதங்களில் நெல் முளைக்கிறதோ இல்லையோ, வெள்ளக் கவிதை முளைக்கத் தவறுவதில்லை. பத்திரிகைகளின் கவிதைப் பக்கம், ஊர்க் கவியரங்கு, பாடசாலைச் சுவர்ப் பத்திரிகை, நினைவு மலர் என்று எங்கும் வரும். தமிழ் படிப்பிக்கிறவன் என்பதாலும், ஊரில் இரண்டொரு மலர்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கிறவன் என்பதாலும் அவற்றில் கணிசமானவை என் கைக்கு வந்து போகின்றன. அவற்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஆட்களின் பெயர் சொல்லப் போவதில்லை. குறை ஒருவருடையதல்ல; நாம் எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் ஓர் எழுத்து முறையினுடையது.

2024 நவம்பர் 26ஆம் திகதி, காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியை மூடிப் பாய்ந்த வெள்ளத்தில், வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் அள்ளுண்டு போனது. பிள்ளைகள் மௌத்தானார்கள். பிறகு ‘ஃபெஞ்சல்’ என்று பெயர் பெற்ற தாழமுக்கம் கிழக்குக் கரையோரம் நகர்ந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அந்த வாரமே கவிதைகள் வரத் தொடங்கின. என்னிடம் வந்தவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வைத்தேன். சில மாதங்கள் கழித்து எல்லாவற்றையும் ஒரே இருப்பில் வாசித்தேன். மொட்டுகள் கருகியிருந்தன. சுவனத்துச் சிட்டுகள் பறந்திருந்தன. வானம் அழுதிருந்தது. வெள்ளம் காவுகொண்டிருந்தது.

உண்மையான கண்ணீரோடு எழுதப்பட்டவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒன்றிலும் அந்த வீதி இல்லை. இரு பக்கமும் வயல் கிடக்க நடுவே போகும் அந்த வீதி மாரியில் ஏன் மூழ்குகிறது என்ற கேள்வி இல்லை. பாய்ந்த தண்ணீர் எங்கிருந்து வந்தது, எங்கே போக வேண்டியது என்பதும் இல்லை. ஊரின் பெயரை எடுத்துவிட்டால் அந்தக் கவிதைகள் எந்த நாட்டில், எந்த ஆற்றில் மூழ்கிய பிள்ளைகளுக்கும் பொருந்தும். ஓர் இரங்கற்பாவுக்கு இது சிறிய குறை அல்ல. இறந்தவரை இறந்த இடத்திலிருந்து பிரித்தெடுத்து அழுதால், அழுகை முடிந்ததும் அந்த இடம் அப்படியே கிடக்கும். அடுத்த மாரிக்கும் கிடக்கும்.

எழுவாய் யார்?

வாக்கியம் படிப்பிக்கும்போது பிள்ளைகளை நாம் முதலில் கேட்கும் கேள்வி, “எழுவாய் எது? செய்தது யார்?” என்பதுதான். இதே கேள்வியை நமது வெள்ள எழுத்துகளிடம் கேட்டுப் பார்த்தேன். இரண்டு விடைதான் கிடைத்தது. ஒன்றில், எழுவாய் வெள்ளமே: வெள்ளம் விழுங்கியது, வெள்ளம் பறித்தது, வெள்ளம் கோரத் தாண்டவமாடியது. மற்றதில், எல்லாம் செயப்பாட்டு வினை: வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன, வீதிகள் துண்டிக்கப்பட்டன, மக்கள் தங்க வைக்கப்பட்டனர். முதலாவது கவிதையின் மொழி. இரண்டாவது செய்தியினதும் நிவாரணப் பட்டியலினதும் மொழி. ஒன்றில் தண்ணீர் அரக்கனாகிறது. மற்றதில் செய்தவன் மறைந்து போகிறான். இரண்டிலும் மனிதனுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை.

‘காவுகொண்டது’, ‘பலியெடுத்தது’ என்ற சொற்களையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காவு என்பதும் பலி என்பதும் தெய்வத்துக்கு உயிர் கொடுக்கும் சடங்கின் சொற்கள். நமது கவிஞர்கள் பழக்கத்தில் அவற்றை எழுதிவிடுகிறார்கள். அகீதா பிசகிவிட்டது என்று பத்வாக் கொடுப்பது என் வேலையல்ல. நான் பார்ப்பது சொல்லின் வேலையை. ‘காவு’ என்று எழுதியதும் கேட்பதற்கு ஒரு சக்தியும் கொடுப்பதற்கு ஓர் உயிரும் என்றாகிவிடுகிறது. நடந்தது விதிக்கப்பட்ட ஒரு சடங்கு போலத் தோன்றுகிறது. அதற்குப் பிறகு “ஏன்?” என்று கேட்க இடமில்லை.

மழை மட்டும்தான் தானாக வருகிறது. வெள்ளம் அப்படியல்ல. நமது முன்னோர் பட்டிப்பளை ஆறு என்று அழைத்த கல்லோயா இங்கினியாகலையில் மறிக்கப்பட்டுச் சேனாநாயக்க சமுத்திரமானது 1950களின் தொடக்கத்தில். அதன் கீழே வாய்க்கால்கள், வட்டைகள், ஓடைகள், தோணாக்கள், கடைசியில் மணல்மேடு மூடிய முகத்துவாரம். மலைப்பக்கத்து மழையும் வயலின் வடிச்சலும் இந்த வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். குறுக்கே வீதி உயர்கிறது, மதகு போதாது. தோணாவில் குப்பை. முகத்துவாரத்தை இன்றைக்கு வெட்டுவதா நாளைக்கு வெட்டுவதா என்று கமக்காரருக்கும் மீன்பிடிகாரருக்கும் இழுபறி. வெட்டினால் இறால் போகும், வெட்டாவிட்டால் வேளாண்மை போகும். இதில் ஒவ்வொரு இடத்திலும் ஒரு மனிதன் நிற்கிறான். ஒவ்வொருவனும் ஓர் எழுவாய்.

இன்னும் ஒன்றும் உண்டு. அது நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கிழக்கில் குமர்ப்பிள்ளையைக் கட்டிக் கொடுப்பதென்றால் வீடு கொடுக்க வேண்டும். கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நமது ஊர்களில் வீடு கட்டக் காணி இல்லை. மூன்று பெண்பிள்ளை பெற்ற வாப்பா என்ன செய்வார்? வயலில் ஒரு துண்டை வாங்குகிறார், கிறவல் கொட்டி நிரப்புகிறார், அத்திவாரம் போடுகிறார். அவர் குற்றவாளி அல்ல, வாப்பா. ஆனால் அந்தத் துண்டில் நின்று வடிந்த தண்ணீர் இனி அடுத்த வளவுக்குள் போகும். அந்த வளவிலும் ஒரு வாப்பா, அவருக்கும் குமர்கள். ஒரு நாவலுக்குரிய பொருள் இது. கெட்டவன் என்று ஒருவனும் இல்லாமல் ஊரே மூழ்கும் கதை. சீதனத்தைப் பற்றி நாம் எத்தனையோ கதை எழுதியிருக்கிறோம். வெள்ளத்தைப் பற்றி எத்தனையோ கவிதை எழுதியிருக்கிறோம். இரண்டும் ஒரே வளவில் சந்திக்கும் ஓர் எழுத்து என் கண்ணில் படவில்லை.

சீறாவின் வெள்ளம்

இந்த வெறுமை மரபிலிருந்து வந்ததா என்றால், இல்லை. சீறாப்புராணத்தை ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ வழியாக அறிந்தவர்கள் விலாதத்துக் காண்டத்தின் நாட்டுப் படலத்தையும் ஒரு முறை பொறுமையாக வாசிக்க வேண்டும். உமறுப்புலவர் அரபு நாட்டைப் பாடுகிறார். ஆனால் அங்கே கடல்நீர் உண்ட மேகம் மலையில் ஏறிப் பொழிகிறது. வெள்ளம் மலைப்பொருள்களை வாரிக்கொண்டு இறங்குகிறது. நிலம் நிலமாகக் கடந்து வயலுக்கு வருகிறது. உழுகிறார்கள், நடுகிறார்கள், களை பிடுங்குகிறார்கள், அறுக்கிறார்கள். அரபு நாட்டில் நெல்வயல் எப்படி வந்தது என்று கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. தமிழ்க் காப்பிய மரபு அது, கம்பனிடமும் ஆற்றுப் படலம் இருக்கிறது என்று அதற்கு விடை சொல்லி நாம் நகர்ந்துவிடுகிறோம்.

எனக்கு இங்கே வேறொன்று முக்கியமாகப் படுகிறது. அந்த வெள்ளத்துக்கு ஒரு வழி இருக்கிறது. எங்கே பிறந்தது, எதைத் தொட்டது, எதைச் சுமந்தது, எங்கே போய் முடிந்தது என்று புலவர் ஒழுங்காகச் சொல்கிறார். திணை என்பது வெறும் பூவும் பறவையும் அல்ல. தண்ணீர் போகும் வரிசையும் அதுதான். அவர் பாடியது செழிப்பின் வெள்ளத்தை. அழிவின் வெள்ளத்தை அல்ல. ஆனால் நூற்றாண்டுகளுக்கு முன் கற்பனையில் படைக்கப்பட்ட ஒரு நாட்டின் வெள்ளத்துக்கு இருக்கும் வழி, நமது கண் முன்னே வீட்டுக்குள் வந்த வெள்ளத்துக்கு நமது கவிதையில் இல்லை. புதுக்கவிதை காப்பிய வருணனையைக் கைவிட்டது சரி. அதோடு சேர்த்து நிலத்தைப் பார்ப்பதையும் கைவிட்டிருக்க வேண்டியதில்லை.

தமிழில் கீழான இலக்கியம் என்று ஒதுக்கப்பட்ட ஒரு வகையும் இங்கே நினைவுக்கு வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தமிழ்நாட்டில் மலிவு விலைச் சிறுநூல்களாக அச்சாகிச் சந்தையிலும் ரயிலடியிலும் விற்கப்பட்ட கொலைச் சிந்து, வெள்ளச் சிந்து, பஞ்சக் கும்மி போன்றவை. அவற்றில் யாப்பு தள்ளாடும், உவமை பழசாக இருக்கும். ஆனால் எந்த மாதம், எந்தக் கிழமை, எந்தக் குளம் உடைந்தது, எந்தப் பாலம் போனது என்பது இருக்கும். பாடியவனுக்குக் கேட்பவன் அந்த ஊரான் என்ற பயம் இருந்திருக்கிறது. பிழையாகச் சொன்னால் சந்தையில் பிடித்துக் கேட்பான். நமக்கு அந்தப் பயம் இல்லாமல் போய்விட்டது.

சுனாமி தந்த அச்சு

நமது வெள்ள மொழி இன்றைய வடிவத்தை எப்போது பெற்றது என்று யோசித்தால், 2004 டிசம்பர் 26 என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று நமது கரையோர ஊர்கள் ஒரு காலைப் பொழுதில் பட்டதை இங்கே விவரிக்கத் தேவையில்லை. அந்த அழிவைச் சொல்ல இருந்த சொற்கள் போதவில்லை. எழுதியவர்கள் அரக்கன், பசி, கோரம், பலி என்று கைக்கு வந்ததையெல்லாம் எடுத்தார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். எச்சரிக்கை இல்லாமல் வந்து, பல தலைமுறை காணாத ஒன்றாய் நின்ற அழிவுக்கு அந்த மொழி ஓரளவு பொருந்தவும் செய்தது.

பிழை அதற்குப் பிறகு நடந்தது. அந்த அச்சு அப்படியே இருக்க, தண்ணீர் மட்டும் மாறியது. 2011 ஜனவரியில் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்கள் மூழ்கிப் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டபோது எழுதியதும் சுனாமியின் மொழிதான். பெப்ரவரியில் இரண்டாம் முறை மூழ்கியபோதும் அதுதான். ஆனால் மாரி வெள்ளம் சுனாமி அல்ல. அது ஒவ்வொரு வருடமும் வரும். சொல்லிக்கொண்டு வரும். வளிமண்டலவியல் திணைக்களம் சொல்லும், வாடைக் காற்று சொல்லும், முற்றத்துக் கிணறு சொல்லும். தண்ணீர் முதலில் வட்டையில் ஏறும், பிறகு கானில் ஏறும், பிறகு வாசலில் ஏறும். திடீரென்று வந்ததாக எழுதப்படும் வெள்ளத்துக்கு ஆயத்தம் செய்திருக்க முடியாது. ஆயத்தம் செய்யாதவரைக் கேள்வி கேட்கவும் முடியாது. உவமையின் பிழை இப்படித்தான் உலகத்தின் பிழையாகிறது.

வாய்மொழியில் உள்ளது

எழுத்தில் இல்லாதது பேச்சில் இருக்கிறது. 1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்புக்குச் சற்றுத் தெற்கே கரையேறியது. ஏறத்தாழ 900 பேர் இறந்தார்கள். தென்னந்தோட்டங்கள் சாய்ந்து கிடந்தன. நமது பக்கத்தில் ‘சூறாவளி’ என்று சும்மா சொன்னாலே அது ஒன்றைத்தான் குறிக்கும். “உன்ட மூத்த மாமிட கலியாணம் சூறாவளிக்கு முந்தின வருஷம்” என்று காலம் கணக்கிடுவார்கள். அதற்கு முந்திய தலைமுறைக்கு 1957 டிசம்பர் வெள்ளம் அந்த வேலையைச் செய்தது.

என் உம்மம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “முதல்ல வடக்கால அடிச்ச. பொறகு ஒரு மூச்சு நிண்ட. முடிஞ்செண்டு நெனச்சி சனமெல்லாம் வெளிய எறங்கின. பொறகு தெற்கால அடிச்ச பாரு மன, அதுலதான் மிச்சமிருந்த கூரையும் போன.” வானிலைப் புத்தகத்தில் சூறாவளியின் கண் என்ற பகுதியைப் பல வருடம் கழித்து வாசித்தபோது இந்தப் பேச்சின் அருமை எனக்கு விளங்கியது. வடகோளத்தில் சூறாவளிக் காற்று இடஞ்சுழியாகச் சுற்றும். கிழக்கிலிருந்து மேற்கே போகும் புயலின் நடுப்பகுதி ஓர் ஊரைக் கடந்தால் முதலில் வடக்குக் காற்று, நடுவில் அமைதி, பிறகு தெற்குக் காற்று என்றுதான் வரும். எழுத்தறியாத பெண் நான்கு வாக்கியத்தில் அதைச் சொல்லிவிட்டார். சனம் எப்படி ஏமாந்தது என்பதையும் சொல்லிவிட்டார். அதே சூறாவளியைப் பற்றி நான் வாசித்த கவிதைகளில் ‘பேய்க்காற்று’ உண்டு, திசை இல்லை.

காற்றுக்கு மட்டும் நம்மிடம் எத்தனை பேர்! வாடை, கொண்டல், சோளகம், கச்சான். கச்சான் அடித்தால் உடம்பு எரியும், வயல் வெடிக்கும், வீட்டில் சண்டை வரும் என்று நமது பெண்களுக்குத் தெரியும். வயலுக்குப் போனால் வக்கடை, வரம்பு, வாய்க்கால், வடிச்சல், வட்டவிதானை, வாடி. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் பாடுபட்டுத் தொகுத்துத் தந்த நமது நாட்டார் கவிகளில் வயலும் வாடியும் ஆறும் வெறும் பின்னணியாக நிற்பதில்லை. காதலும் பிரிவும் அவற்றின் வழியாகவே நடக்கின்றன. நமக்குப் பக்கத்து ஊரான பெரியநீலாவணையில் நீலாவணன் ‘வேளாண்மை’ என்ற காவியத்தையே வயற்சொற்களால் கட்டினார். அவர் இறந்து சில வருடங்களுக்குப் பிறகு 1982இல் அது நூலாக வந்தது. ஆக, இந்தச் சொற்கள் கவிதைக்கு ஆகாதவை என்று யாரும் சொல்ல முடியாது. நாம்தான் பேனா பிடித்ததும் அவற்றை வாசலில் கழற்றி வைத்துவிட்டு ‘இயற்கையின் சீற்றம்’ என்று உள்ளே போகிறோம்.

ஆறுதலும் கேள்வியும்

இனிச் சொல்லப் போவது கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டியது. நமது இரங்கற்பாக்களின் மையத்தில் மார்க்கம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீதுகளில் ஒருவர் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ். பிள்ளையைப் பறிகொடுத்த உம்மாவுக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை. அந்த ஆறுதலில் கை வைக்க எனக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை.

ஆனால் அந்த ஹதீஸ் உம்மாவுக்குச் சொல்லப்பட வேண்டியது. நாம் அதை எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். வீதிக்குப் பொறுப்பானவர், பயணத்தை அனுமதித்தவர், தோணாவில் குப்பை கொட்டியவர், வயலை நிரப்பியவர், கவிதை எழுதிய நான் என்று அனைவரும் அந்த ஒரு வரியின் நிழலில் ஒதுங்கிக்கொள்கிறோம். பிள்ளைகளுக்குக் கிடைத்த அந்தஸ்து நமக்குக் கிடைத்த மன்னிப்பு ஆகிவிடுகிறது. கவிதை இங்கே கவனமாக இருக்க வேண்டும். யாருக்கு ஆறுதல், யாருக்குக் கேள்வி என்று பிரித்துச் சொல்வது கவிஞனின் கடமை.

இதற்கு முன்மாதிரி தேடி வெளியே போகத் தேவையில்லை. அனஸ் (ரலி) அறிவிக்கும் மழை ஹதீஸை எடுத்துக்கொள்வோம். ஜும்ஆ நாள். நபியவர்கள் (ஸல்) குத்பா ஓதிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் வாசலால் வந்து, செல்வங்கள் அழிந்துவிட்டன, வழிகள் அடைபட்டுவிட்டன, மழைக்காகப் பிரார்த்தியுங்கள் என்று முறையிடுகிறார். நபியவர்கள் கையேந்துகிறார்கள். துண்டு மேகமும் இல்லாத வானத்தில் ஸல்உ மலைக்குப் பின்னாலிருந்து கேடயம் போல ஒரு மேகம் எழுகிறது. ஒரு கிழமை சூரியனே தெரியவில்லை. அடுத்த ஜும்ஆவில் அதே வாசலால் ஒருவர் வந்து முறையிடுகிறார்: செல்வங்கள் அழிந்துவிட்டன, வழிகள் அடைபட்டுவிட்டன, மழை நிற்கப் பிரார்த்தியுங்கள் என்று. வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் முறைப்பாடு ஒன்றேதான். இப்படி ஒரு கட்டமைப்பை எந்தச் சிறுகதை ஆசிரியனும் பொறாமையோடுதான் பார்க்க வேண்டும்.

நபியவர்களின் துஆவைக் கவனியுங்கள். மழையை முற்றாக நிறுத்தக் கேட்கவில்லை. எங்கள் மீது வேண்டாம், எங்களைச் சுற்றிலும் என்று கேட்டு, இடங்களையும் சொல்கிறார்கள்: குன்றுகள், மேடுகள், பள்ளத்தாக்குகள், மரங்கள் முளைக்கும் இடங்கள். மழை ரஹ்மத், அது விழ வேண்டிய இடம் ஒன்று உண்டு என்ற நிலவறிவு அந்தத் துஆவுக்குள் இருக்கிறது. சீறாவின் ஹிஜ்றத்துக் காண்டத்தில் ‘மழையழைப்பித்த படலம்’ என்று தனியாகவே ஒன்று உண்டு. நமது கவிஞர்களில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்திருப்பார்கள்?

குர்ஆனிலும் அப்படித்தான். ஸபா நாட்டவர் மீது அணை வெள்ளம் வந்ததைச் சொல்லும் இடத்தில், வெள்ளத்துக்குப் பிறகு அவர்களுடைய இரு தோட்டங்களில் மிஞ்சியவை எந்த மரங்கள் என்பதும் சொல்லப்படுகிறது: கசப்புக் கனி, சவுக்கினம், சில இலந்தை. ஆத் கூட்டத்தார் தங்கள் பள்ளத்தாக்கை நோக்கி வந்த மேகத்தைப் பார்த்து, இது நமக்கு மழை தரும் மேகம் என்று மகிழ்ந்த காட்சியும் இருக்கிறது. அழிவைக் கொண்டுவந்த காற்றை அவர்களால் வாசிக்க முடியவில்லை. இவை பயமுறுத்துவதற்கு மட்டும் சொல்லப்பட்டவையாக எடுத்துக்கொண்டு “பாவம் கூடினால் வெள்ளம் வரும்” என்று ஒரே வரியில் நாம் சுருக்கிவிடுகிறோம். அந்த வரியும் எழுவாயை மறைக்கும் வரிதான். பாவம் என்று பொதுவாகச் சொன்னால் எவருக்கும் சுடாது. அடுத்த வளவுக்குள் தண்ணீர் போகும் என்று தெரிந்தே மண் கொட்டுவதும் பாவம்தானா என்று கேட்டால்தான் சுடும்.

எழுதப்படாத வறட்சி

வெள்ளத்துக்காவது கவிதை உண்டு. வறட்சிக்கு அதுவும் இல்லை. 2016இன் கடைசியில் மாரி பொய்த்து, 2017 வரை நீண்ட வறட்சி நாட்டில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பாதித்தது. திடலில் மழைத் தொழுகை நடந்தது. பவுசர் தண்ணீருக்குப் பெண்கள் வாளியோடு நின்றார்கள். விதைத்தது கருகிய கமக்காரர் கடன் எடுத்த இடத்தை விட்டு வேறு வீதியால் சுற்றிப் போனார். மாடுகள் குளத்துச் சேற்றில் புதைந்தன. இவற்றை எழுதிய கவிதை என் கோப்பில் ஒன்றும் இல்லை.

வறட்சிக்கு ஒரு நாள் இல்லை என்பது காரணமாக இருக்கலாம். ஜனாஸா இல்லை, படம் பிடிக்க ஒரு நொடி இல்லை, நினைவு மலருக்கு ஒரு திகதி இல்லை. அது மெதுவாக வந்து மெதுவாகக் கொல்லும். கவிதையைவிடக் கதைக்கும் நாவலுக்கும் உரிய பொருள் அது. யூசுப் நபியின் வரலாற்றில் ஏழு வருடச் செழிப்பும் ஏழு வருடப் பஞ்சமும் வருகின்றன. அறுத்த தானியத்தைக் கதிரிலேயே விட்டு வைக்கச் சொல்லும் நுணுக்கம் வரைக்கும் வருகிறது. பஞ்சத்துக்கு முன்கூட்டிக் கணக்குப் போட்ட ஒரு நபியின் கதை அது. ஆனால் தமிழில் யூசுப் நபி கதை என்றதும் ஸுலைகாவின் காதல்தான் முன்னுக்கு வருகிறது. களஞ்சியத்தைப் பாடிய புலவர் குறைவு.

கவிதை அறிக்கையா?

இதையெல்லாம் ஒரு கவிஞ நண்பரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். “நீங்க கேக்கிறது கவிதையில்ல சேர், நீர்ப்பாசனத் திணைக்களத்துட ரிப்போட்” என்றார். நியாயமான எதிர்ப்பு. கவிதைக்கு மதகின் அகலம் தேவையில்லை. கன அடிக் கணக்கும் தேவையில்லை. நான் கேட்பது தகவலை அல்ல, பார்வையை. உம்மம்மாவின் பேச்சில் ஓர் எண்கூட இல்லை. வடக்கு, தெற்கு, ஒரு மூச்சு அமைதி, அவ்வளவுதான். ஆனால் அவர் பார்த்தவர் என்று கேட்கிறவனுக்குத் தெரிந்துவிடுகிறது. நமது கவிதைகளை வாசிக்கும்போது, எழுதியவர் மூன்று நாள் அதே தண்ணீருக்குள் நின்றவர் என்பது எனக்கு நேரில் தெரிந்திருந்தும், கவிதையிலிருந்து தெரிய மாட்டேன் என்கிறது. துக்கம் என்பது பார்த்ததைத் துல்லியமாகச் சொல்வதால் குறைந்துவிடாது.

இதில் ஆசிரியர்களாகிய எங்களுக்கு ஒரு பங்குண்டு. ‘வெள்ள அனர்த்தம்’ சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஓயாத கட்டுரைத் தலைப்பு. வழிகாட்டி நூல்களில் மாதிரிக் கட்டுரை இருக்கிறது. இயற்கை அன்னை சீறுவாள், வானம் பொத்துக்கொண்டு ஊற்றும், அரசும் தொண்டு நிறுவனங்களும் கைகொடுக்கும். வீடு மூழ்கிய பிள்ளையும் அதைத்தான் மனனம் செய்து எழுதுகிறது. ஒரு முறை பத்தாம் வகுப்பில், எழுத வேண்டாம், வாயால் சொல்லுங்கள் என்றேன். ஒரு மாணவி எழும்பினாள்: “எங்கட ஊட்டுக்குள்ள தண்ணி முன்வாசலால வரல்ல சேர். பின்வளவுக் கானால வந்த. புதுசா மண் போட்ட ஊட்டுப் பக்கத்தால.” வகுப்பு அமைதியானது, ஏனென்றால் அந்தப் புது வீட்டுப் பிள்ளையும் அதே வகுப்பில் இருந்தது. வழிகாட்டி நூலின் எந்த வாக்கியமும் அப்படி ஓர் அமைதியை உண்டாக்கியதில்லை. அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் இருப்பதுதான் இலக்கியத்தின் பொருள்.

வெள்ளம், வறட்சி, புயல் மூன்றும் இந்த நாட்டில் நம்மோடு வாழ்ந்தவை. இனியும் வாழப் போகின்றவை. அவற்றுக்கான சொற்களும் நம்மிடம் இருந்தன. ஆனால் வக்கடை என்றால் என்ன என்று கேட்டால் இப்போது வகுப்பில் கைகள் எழுவது குறைவு. வயலே வீடாகிவிட்ட ஊரில் அந்தச் சொல் எங்கே தங்கும்? சூறாவளியைக் கண்டவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இவர்களிடம் போய் உட்கார்ந்து காற்றின் திசையையும் தண்ணீரின் வழியையும் கேட்டு எழுதி வைக்கும் வேலையைப் பல்கலைக்கழக மாணவரோ பாடசாலைத் தமிழ் மன்றமோ இந்த மாரியிலேயே தொடங்கலாம். இதுபோன்ற சஞ்சிகைகள் அதற்கு இடம் ஒதுக்கலாம். கவிஞர்களிடம் எனது வேண்டுகோள் அதைவிடச் சிறியது. அடுத்த வெள்ளக் கவிதையில் ‘காவுகொண்டது’ என்று எழுதக் கை போகும்போது ஒரு நிமிடம் நிறுத்தி, அந்த வாக்கியத்தின் உண்மையான எழுவாய் யார் என்று கேட்டுப் பாருங்கள். விடை அடுத்த வீட்டுக்காரராக இருக்கலாம், ஓர் அலுவலகமாக இருக்கலாம், நாமாகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் பெயர்ச்சொல்லைப் போட்டு வாக்கியத்தை முடியுங்கள்.